செவிக்குரிய கருவி செவியோடு பேசுக

நம் கல்லூரியில் வகுப்பு முடிந்தமையை மணியடித்து அறிவிக்கின்றனர். அம்மணியை அடிப்பவர் ஒருநாள் நம்மை நோக்கி, "மாணவர்களே, இன்றுமுதல் மணியோசையைச் செவியாற் கேட்டு அறிதல் வேண்டா; மாடத்தில் யான் ஏற்றிவைக்கும் விளக்கைப் பார்த்தே மணி அடித்ததென்று தெளிக" என்பாராயின், நாம் நகையாது இருப்போமோ? ஒலிப்பதற்கென்றே ஆக்கிய பொருள் தன் நிலையை ஒளியினால் உணர்த்துதல் முறையன்று என்பது சிறுவர்க்கும் விளங்கும். ஆயினும், இந்நாளில் நம்மிற் பலருடைய சட்டைப்பையிற் கிடக்கும் ஒரு சிறு கருவி அம்முறையல்லா முறையையே மேற்கொண்டிருக்கின்றது. அதனைப்பற்றிச் சில கூற விழைகின்றோம்.

இயர்பட் என வழங்கும் கம்பியில்லாச் செவிக்கருவியையே ஈண்டுக் கருதினோம். அவரைக்கொட்டை யளவினவாகிய இரண்டு சிறு பொறிகளும், அவை உறங்குதற்கு ஒரு பெட்டியுமாக அது விற்கப்படுகின்றது. கைப்பேசி, டேப்லெட், கணினி என்னும் மூன்றனோடும் அதனைப் பொருத்தலாம். ஆனால், முதன்முறை பொருத்துங்கால் 'இணைத்தல்' என்னும் ஒரு சடங்கு உண்டு. பொறிகளைப் பெட்டியில் வைத்து, மூடியைத் திறந்து, பெட்டியிலுள்ள பொத்தானைச் சில வினாடி அழுத்திப் பிடித்தல் வேண்டும். சிறுவிளக்கொன்று மின்னி மின்னி மறையும். அதன்பின் கைப்பேசியின் பட்டியலில் அக்கருவியின் பெயர் தோன்றும். அதனைத் தொட்டால் இணைப்பு முற்றும். கண்ணுடையார்க்கு இஃது அரை நிமிடத்து வேலை. கண்ணில்லார்க்கோ எனின், யாம் கண்டதொன்றைக் கூறுவோம்.

எம் வகுப்புத் தோழர் ஒருவர் பிறவியிலேயே பார்வையற்றவர். அவர்தம் கைப்பேசியில் திரைபடிப்பான் என்னும் மென்பொருள் உண்டு. அது திரையிலுள்ள எழுத்தையெல்லாம் குரலாக மாற்றிக் கூறும். 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளிற் றொடங்கிய மதுரைத் திட்டத்தார் எழுத்துருவில் ஏற்றிவைத்த பழந்தமிழ் நூல்களை அவர் அக்குரல்வழியே கற்று வருகின்றார். திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வியைத் தனியதிகாரமாக வைத்தார். எம் தோழர்க்கோ கல்வியும் கேள்வியும் வேறல்ல, ஒன்றே. மாணவர் விடுதியில் ஓரறையில் நால்வர் இருந்து படிக்கும்போது தம் கைப்பேசி உரக்கப் பேசுதல் பிறர்க்கு இடையூறாம் என்று அவர் நாணுவார். அன்றியும், தாயார் எழுதும் செய்தியும் வங்கியினின்று வரும் செய்தியும் பிறர் காதில் விழுதலை யார்தாம் விரும்புவர்? ஆதலின் செவிக்கருவி அவர்க்கு அணிகலன் அன்று. நமக்கு மூக்குக்கண்ணாடி போல்வது.

அவருடைய பழைய கருவி பழுதாயிற்று. தேர்வு நெருங்கிய காலமாதலின், யாம் எழுவர் கூடிப் பொருள் திரட்டிப் புதியதொன்று வாங்கினோம். அது நன்கு ஒலிக்கின்றதாவென்று அறிய விரும்பி, எம் அறையிலிருந்த டேப்லெட்டோடு இணைத்து ஒரு பாட்டுங் கேட்டோம். பின்னர் அழகிய தாளிற் பொதிந்து, தேர்வுக்கு முந்திய நாள் மாலை அவர் கையிற் கொடுத்துவிட்டு, பெருமிதத்தோடு வெளியே சென்றோம். டேப்லெட்டு எம் அறையிலேயே கிடந்தது. எம் அறைக்கும் அவர் அறைக்கும் இடையே ஒரு சுவரே உளது.

இரண்டு மணி நேரங் கழித்துத் திரும்பிய யாம், அவர் கட்டிலின்மேல் அக்கருவியைக் கையில் வைத்துக்கொண்டு வாளா அமர்ந்திருக்கக் கண்டோம். மூடியைத் திறந்தார், கைப்பேசியின் பட்டியலில் பெயர் வரவில்லை. பொத்தானை அழுத்தினார், எத்துணை நேரம் அழுத்துவது என்பது தெரியவில்லை. பெட்டி ஒன்றுஞ் சொல்லவில்லை. அது விளக்கினாற் சொல்லிற்று. அவ்விளக்கு அவர்க்கு இல்லை. விடுதியில் அப்போது உதவுவார் ஒருவருமிலர். எம்மைக் கண்டதும் அவர் முறுவலித்து, "நீங்கள் எனக்குச் செவி வாங்கித் தந்தீர்கள், அதைத் திறப்பதற்குக் கண் வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள்" என்றார். அச்சொல் எம்மைச் சுட்டது. இழந்த இரண்டு மணி நேரமும் அவர் கேட்டு முடிக்க வேண்டியிருந்த இரண்டு இயல்களுக்குரியவை.

நிற்க. இதன் காரணத்தை ஆராய்வோம். இக்கருவிகளை இணைப்பது புளூடூத் என்னும் முறை. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு மன்னனுக்கு 'நீலப்பல்' எனப் பொருள்படும் சிறப்புப் பெயர் ஒன்று உண்டு. அவன் மக்களை ஒருங்கிணைத்தாற்போல, வேறுவேறு கருவிகளை இம்முறை ஒருங்கிணைக்கும் என்னுங் கருத்தால், இன்டெல் நிறுவனத்து ஜிம் கார்டாக் 1997-இல் அப்பெயரை மொழிந்தார். 1998-இல் எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐ.பி.எம்., தோஷிபா என்னும் ஐந்து நிறுவனங்கள் கூடி அதனைப் பொதுமுறையாக்க முனைந்தன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 79 தடங்களை வகுத்துக்கொண்டு, வினாடிக்கு 1600 முறை தடத்துக்குத் தடம் தாவி, இரு கருவிகளும் உரையாடுகின்றன. எந்தத் தடத்துக்கு எப்பொழுது தாவுவது என்பதை இரண்டும் ஒத்து அறிந்திருத்தலால், ஒன்றையொன்று தவறவிடுவதில்லை.

இணைத்தல் என்பது இவ்விரண்டும் முதன்முறை கைகொடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சி. அப்போது பிறர் அறியாத திறவுகோல் எண் ஒன்றை இரண்டும் சேர்ந்து ஆக்கித் தத்தம் நினைவில் வைத்துக்கொள்கின்றன. 2007-இல் இம்முறை எளிதாக்கப்பட்டது. இரு கருவிகளுக்கும் திரை இருக்குமாயின், இரண்டிலும் ஆறிலக்க எண் ஒன்று தோன்றும். இரண்டும் ஒன்றே என்று நாம் ஒப்புநோக்கி இசைவளிக்கலாம். செவிக்கருவிக்குத் திரை ஏது? ஆதலின் அது எண்ணொன்றும் வினவாமலே இசைகின்றது. பொத்தானை அழுத்தும் விரல் ஒன்றே அங்கு இசைவு. மின்னும் விளக்கு ஒன்றே அதற்குச் சான்று.

எம் பிழையும் இங்கே புலனாகும். புதிய செவிக்கருவிகள் பல, யாதொரு துணையும் அறியாதவிடத்து, மூடி திறந்தவுடன் தாமே இணைவதற்கு அணியமாய் நிற்கும். ஒருமுறை இணைந்துவிட்டாலோ, மூடி திறக்குந்தோறும் இறுதியாக இணைந்த துணையையே முதலில் தேடும். யாம் அதனை எம் டேப்லெட்டோடு முன்னரே இணைத்துவிட்டமையால், எம் தோழர் திறந்தபொழுதெல்லாம் அது சுவருக்கு அப்பாலிருந்த டேப்லெட்டையே நாடி ஓடிற்று. அன்பளிப்பாகக் கொடுத்த பொருளின் உரிமையை யாமே அறியாது வைத்துக்கொண்டோம்.

எனின், குற்றம் முழுதும் எம்முடையதோ? அன்று. அவர் செய்வது சரியோ தவறோ என்பதை அப்பெட்டி ஓர் ஒலியால் உணர்த்தியிருப்பின், எம் பிழை ஐந்து நிமிடத்தில் நேராகியிருக்கும். "செவிக்கருவிகள் பல இக்காலத்துப் பேசுகின்றனவே, 'இணைந்தது' என்று காதிற் கூறுகின்றனவே" என்பாரும் உளர். உண்மையே. ஆயின், அக்குரல் காதில் அணிந்த பின்னரே கேட்கும். இணைக்கும் வேளையிலோ பல கருவிகள் பெட்டிக்குள் கிடத்தல் வேண்டும் என்பது விதி. செவி இல்லாத இடத்திற் குரல் எழுந்து பயன் என்னை?

"பெட்டியில் ஒலிபெருக்கி வைத்தால் விலை ஏறுமே" என்பார் பிறிதொரு சாரார். 2022-இல் வெளிவந்த ஏர்பாட்ஸ் ப்ரோ இரண்டாந் தலைமுறையின் பெட்டியில் சிறு ஒலிபெருக்கி ஒன்று அமைத்தனர். பெட்டி காணாமற் போனால் தேடுதற்கும், மின்னாற்றல் குறைந்தமையை உணர்த்துதற்கும், இணைப்பு முற்றியதைக் கூறுதற்கும் அஃது ஒலிக்கின்றது. ஆகவே செய்தல் கூடும் என்பது தெளிவு. ஆயின், அது விலை மிக்க கருவி. எழுவர் கூடியும் எம்மால் வாங்க இயலாதது. விலை மிக்க கருவிக்கு வாய்த்த வாய், விலை குறைந்த கருவிக்கும் வாய்த்தல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள். பாட்டுப்பாடும் குரல் வேண்டியதில்லை. தொடங்கும்போது ஓரொலியும், முடியும்போது ஈரொலியும், தவறும்போது ஒரு நீண்ட ஒலியும் போதும்.

கைப்பேசியே பேசுதலும் ஒரு வழியாம். 2017-இல் கூகிள் நிறுவனத்தார் கொணர்ந்த விரைவிணைப்பு முறையில், இணைவதற்கு நிற்கும் செவிக்கருவியை அருகிற் கொணர்ந்தால் கைப்பேசியின் திரையிலேயே ஓர் அறிவிப்புத் தோன்றும். அதனைத் திரைபடிப்பான் படித்துக் காட்டும். நல்ல முறையே. எனினும், அம்முறைக்கு உடன்பட்ட கருவிகளுக்கே அது பயன்படும்; நூலகத்திலுள்ள பழைய கணினிக்கு அது பயன்படாது. ஆதலின் பெட்டியின் நாவே யாவர்க்கும் பொதுவான மருந்து.

"கண்ணில்லாதார் சிலருக்காகப் பலருக்குரிய பொருளை மாற்றுவதோ?" என வினவுவாரும் இருப்பர். விளக்கு வெண்மையோ, செம்மையோ, பசுமையோ என்று பிரித்தறிய மாட்டாத நிறக்குருடர் நம்முட் பலர். கண் மங்கிய நம் பாட்டன்மார்க்கும் அவ்விளக்கு கடுகளவே. நள்ளிரவில் பேருந்தில் கைப்பைக்குள் பெட்டியைத் துழாவும் நாமும் அந்நேரத்துப் பார்வையற்றவரே. அன்றியும், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, யாவர்க்கும் பொருந்தும் வடிவமைப்புடைய நுகர்பொருள்கள் ஆக்கப்படுதற்கும் வழங்கப்படுதற்கும் அரசு ஆவன செய்தல் வேண்டும் என்று விதிக்கின்றது. ஆகவே யாம் கேட்பது இரக்கம் அன்று. சட்டம் ஒப்பிய முறைமையே.

இனி, பெட்டிகள் பேசும் நாள் வரும்வரை நாம் செய்யத்தக்கன யாவை? முதலாவது, பார்வையற்றார்க்குச் செவிக்கருவி கொடுப்பவர், அதனைத் தம் கருவியோடு இணைத்துப் பாராதிருக்க. பார்த்துவிட்டால், தம் கருவியின் பட்டியலினின்று அதனை நீக்குக. பின்பு பெறுபவருடைய கைப்பேசியோடு, அவர் கையாலேயே இணைக்கச் செய்க. விரல் அறிந்ததை மனம் மறவாது. இரண்டாவது, வாங்கும் முன்னர்க் கடையிலேயே கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை இணைத்துப் பார்க்க. அன்றிரவே யாம் எழுவரும் கைக்குட்டையாற் கண்ணைக் கட்டிக்கொண்டு முயன்றோம். முதன்முயற்சியில் ஒருவரும் வென்றிலேம். ஒருவர் பொத்தானை மிக நெடிது அழுத்தி, கருவியின் நினைவு முழுவதையும் அழித்தே விட்டார்!

மூன்றாவது, நம் கல்லூரி நூலகத்துக் கணினிகளின் அருகே கம்பியுள்ள செவிக்கருவிகள் சிலவற்றை எந்நாளும் வைத்திருத்தல் வேண்டும். கம்பிக்கு இணைத்தற் சடங்கு இல்லை, செருகினாற் பேசும். 2016-இல் ஐபோன் 7 செவிக்கம்பித் துளையை நீக்கியது முதல், துளையில்லாக் கைப்பேசிகள் பெருகின, அவற்றிற்கு யூ.எஸ்.பி. முனையுள்ள கம்பி உதவும். திரைபடிப்பானுக்குக் கம்பியே சிறந்தது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. கம்பியில்லாக் கருவி சிறிது நேரம் ஒலியின்றி இருந்தால் கண்ணயர்ந்துவிடும். அடுத்த சொல் வருங்கால் அது விழித்தெழுவதற்குள் முதலெழுத்துப் போய்விடும். 'அறம்' என்பது 'றம்' எனக் காதில் விழும். மொழிக்கு முதலாகாத எழுத்தை முதலாக்கும் இவ்விலக்கணத்தை எந்நூலாசிரியரும் ஒப்பார்.

எம் தோழர் இப்பொழுது அக்கருவியைத் தாமே இணைக்கின்றார். பொத்தானின்மேல் ஒரு துளி அரக்கு ஒட்டியிருக்கின்றார். ஒன்றுமுதல் ஐந்துவரை மனத்துள் எண்ணிக் கையை எடுக்கின்றார். அத்தேர்வில் அவர் எம் எழுவரினும் மிக்க மதிப்பெண்ணே பெற்றார். ஆயினும் அஃது அவர்தம் ஆற்றலுக்குச் சான்றாகுமேயன்றி, எம் பிழைக்கு விடையாகாது. அக்கருவியை ஆக்கினோர் பிழைக்கும் விடையாகாது.

நம் கல்லூரியிற் பயின்று சென்றோருள் பொறியியலும் வணிகமும் நடத்துவோர் பலர். இவ்விதழ் அவர் கைக்கும் செல்லும். அவர்கள் இத்தகைய பொருளை ஆக்கவோ, விற்கவோ, தேர்ந்தெடுக்கவோ நேரும்போது, ஒருகணம் கண்ணை மூடி அதனைத் தொட்டுப் பார்ப்பாராக. செவிக்குரிய கருவி செவியோடு பேசுக. பேசாத கருவிகளின் பொருட்டு, அருகிருக்கும் நாம் பேசுவோமாக.