தொண்டா, கூலியா?

கருங்கல்லுக்குப் பெயர்போன மாவட்டம் கிருஷ்ணகிரி. அங்கே மத்தூர்ப் பக்கத்துக் கல்தொழிலாளி ஒருவருக்கு, அமெரிக்கக் கோவில் வேலைக்கு அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் எதைக் கேட்க வேண்டும்?

மதப் பணியாளருக்கென்று அந்நாட்டில் ‘ஆர்-1’ என்றொரு விசா உண்டு. மனுச் செய்ய வேண்டியது அழைக்கும் கோவில் அல்லது தேவாலயம். முதலில் 30 மாதம். மொத்தம் 5 ஆண்டு. வேறு கோவிலுக்கு மாறினாலும் புதிய மனு வேண்டும். துப்புரவு, பராமரிப்பு போன்றவை மதப் பணி ஆகா என்றும் சட்டம் சொல்கிறது.

ஏட்டிலே சட்டம் இப்படி. நடப்பிலே?

2021 மே மாதம், நியூஜெர்சியில் கட்டப்பட்டு வந்த சுவாமி நாராயண் கோவிலில் அதிகாரிகள் சோதனையிட்டனர். இந்த விசாவில் சென்று கல் வேலை செய்த இந்தியத் தொழிலாளர், அவர்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் பலர், வழக்குத் தொடுத்தனர். கூலி மணிக்கு ஏறத்தாழ 1.20 டாலர், பாஸ்போர்ட்டும் பறிக்கப்பட்டது என்பது அவர்கள் புகார். அம்மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி அப்போது 12 டாலர்! நிர்வாகம் மறுத்தது, அவர்கள் தொண்டர்கள் என்றது. பிறகு வழக்காடியோரில் சிலர் விலகினர். 2025இல் குற்ற விசாரணையும் வழக்கின்றி முடிக்கப்பட்டது.

அந்த வழக்கின் முடிவு எதுவாயினும் ஆகட்டும். தங்கும் உரிமையே அழைத்தவர் கையில் இருக்கும்போது, கூலி போதாதென்று எவர் வாய் திறப்பார்?

என்ன வேலை, என்ன கூலி, பாஸ்போர்ட் யாரிடம்? இம்மூன்றையும் தமிழில் எழுதி வாங்காமல் எவரும் புறப்படலாகாது. அதற்கு வழிகாட்ட வேண்டியது நமது அயலகத் தமிழர் நலத்துறையின் கடமை.

மறுக்க முடிந்தவன் செய்வதே தொண்டு. மறுக்க முடியாதவன் செய்வதற்குப் பெயர் வேறு!