பூட்டியதோடு முடியாத வேலை
உயர்திறன் பிரேக் பேடுகளைப் பூட்டி, பெடலைப் பலமுறை மிதித்து அழுத்தம் வரச்செய்ததோடு கடமை முடிந்ததெனக் கருதி வண்டியை உரியவரிடம் ஒப்படைத்துவிடும் வழக்கம், 70 கொண்டையூசி வளைவுகளையுடைய கொல்லிமலைப் பாதையில் மறுநாளே இறங்கப்போகும் குடும்பத்துக்கு இழைக்கப்படும் அநீதி என்றே சொல்வேன்.

பேடின் திரவியம் வட்டின்மேல் மெல்லிய படலமாகச் சமமாய்ப் படிந்தாலன்றி அதன் சக்தி பூரணமாக வெளிப்படாதாகையால், ஆளற்ற சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 10 வரை, முற்றிலும் நிறுத்திவிடாமல், பத்து முறை உறுதியாக வேகத்தைத் தணித்து, பின்னர் இயன்றவரை பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். சூடேறிய வேளையில் பெடலை அழுத்தியபடி நின்றால், படலம் ஓரிடத்தில் திட்டாக ஒட்டிப் பின்பு அதிர்வாகத் தலைகாட்டும். அந்த அரைமணி நேர உழைப்பையும் கூலியில் சேர்த்து எழுதட்டும், மனமுவந்து கொடுப்பேன்.