தொழிற்பேட்டைக்கு ஒரு சைபர் காவல் அணி

ராணிப்பேட்டை மாவட்டம் நெமிலி வட்டம், பனப்பாக்கம் சிப்காட் தொழிற்பேட்டையில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு 2024 செப்டம்பர் 28 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். முதலீடு 9,000 கோடி ரூபாய். ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்கள் தயாரிப்பதற்கான ஆலை அது. அதே பேட்டைக்குத் தைவானின் ஹாங் ஃபூ குழுமம் 1,500 கோடி ரூபாயில் தோல் சாராத காலணி ஆலையைக் கொண்டுவருகிறது. ஒரு ஆலை வருகிறது என்றால் நிலம் யாருடையது, தண்ணீர் எங்கிருந்து, கழிவு எங்கே போகும் என்று கேட்பது பாலாற்றங்கரை மக்களுக்குப் பழகிப்போன ஒன்று. அவற்றோடு இன்னொரு கேள்வியையும் இப்போதே கேட்டுவிட வேண்டும். ஆலையின் கணினிகளுக்குள் நள்ளிரவில் ஒருவன் நுழைந்தால் அதை முதலில் கவனிக்கப்போவது யார்? கவனித்தபின் “எல்லாவற்றையும் நிறுத்து” என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

அடிக்கல் நாட்டி ஓராண்டு நிறைவதற்குள்ளேயே இந்தக் கேள்வியின் கனம் தெரிந்துவிட்டது. 2025 ஆகஸ்ட் இறுதியில் ஜாகுவார் லேண்ட் ரோவர் நிறுவனம் சைபர் தாக்குதலுக்கு ஆளானது. பாதிப்பு பரவாமலிருக்க நிறுவனமே தன் கணினிகளை அணைத்தது. அதன் பிரிட்டன் ஆலைகளிலிருந்து சுமார் ஐந்து வாரம் ஒரு கார்கூட வெளிவரவில்லை. அக்டோபர் 8 முதல்தான் வேலை படிப்படியாகத் தொடங்கியது. பிரிட்டனின் சைபர் கண்காணிப்பு மையம் மதிப்பிட்ட இழப்பு 190 கோடி பவுண்டு. பாதிக்கப்பட்ட நிறுவனங்கள் ஐயாயிரத்துக்கும் மேல். 150 கோடி பவுண்டு கடனுக்கு அந்நாட்டு அரசே உத்தரவாதம் தர வேண்டிவந்தது. தாக்கப்பட்டது ஒரு நிறுவனம்தான். ஆனால் ஆர்டர் நின்று, கூலி கொடுக்க வழியில்லாமல் தவித்தவை அதை நம்பியிருந்த சிறு பட்டறைகள். பனப்பாக்கத்து ஆலைக்கு உதிரிபாகம் தரும் ராணிப்பேட்டை, அரக்கோணம் பட்டறைகளும் நாளை அதே இடத்தில்தான் நிற்கும்.

“நம்மிடம் திருட என்ன இருக்கிறது?” என்று இந்த வட்டாரத்தின் தோல் தொழிலில் பலர் கேட்கிறார்கள். நிறையவே இருக்கிறது. ஐரோப்பிய வாங்குபவர் நம்பி அனுப்பிய ஷூ டிசைன்கள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்களின் ஆதார், பி.எஃப்., வங்கி விவரங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக மின்னஞ்சல் இருக்கிறது. ஏற்றுமதியாளரின் முகவரியில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி, “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பணத்தை இதில் போடுங்கள்” என்று வாங்குபவருக்கு எழுதும் மோசடிக்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. கணக்காளரின் ஒரே கணினியில் டேலி, மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொல் மூன்றும் இருந்து, பேக்கப் எடுத்த பென்டிரைவும் அதிலேயே செருகியிருந்தால் திருடனுக்கு வேலை இன்னும் சுலபம்.

தாக்குதலை முற்றிலும் தடுத்துவிட முடியும் என்று விவரம் தெரிந்த எவரும் வாக்குத் தரமாட்டார்கள். எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம், கண்டதும் என்ன செய்கிறோம் என்பதுதான் இழப்பின் அளவைத் தீர்மானிக்கிறது. கும்பகோணத்தில் தலைமையகம் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் 2018 பிப்ரவரியில் நடந்தது இதற்குத் தமிழ்நாட்டுச் சாட்சி. வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றச் செய்திகளைக் கொண்டுசெல்லும் ஸ்விஃப்ட் அமைப்பின் வழியாக மூன்று போலிப் பணப் பரிமாற்றங்கள் போயிருப்பதைப் பிப்ரவரி 7 அன்று வழக்கமான கணக்குச் சரிபார்ப்பு காட்டிக்கொடுத்தது. துபாய்க்குப் போகவிருந்த 5 லட்சம் டாலர் உடனே தடுக்கப்பட்டது. துருக்கிக்கு அனுப்பப்பட்ட 3 லட்சம் யூரோவும் அங்கே முடக்கப்பட்டது. சீனாவுக்குப் போன 10 லட்சம் டாலரை மட்டும் மோசடிக்காரர்கள் கைப்பற்றிவிட்டார்கள். யாரும் பெரிதாக மதிக்காத அன்றாடச் சரிபார்ப்புதான் அங்கே காவலாளியாக இருந்தது.

இதற்கு நேர்மாறான பாடம் கூடங்குளத்தில் கிடைத்தது. அணுமின் நிலையத்தில் சைபர் தாக்குதல் நடக்க வாய்ப்பே இல்லை என்று 2019 அக்டோபர் 29 அன்று அறிக்கை வந்தது. மறுநாளே, நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில் தீய மென்பொருள் இருந்தது உண்மைதான் என்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அணுஉலையை இயக்கும் அமைப்புகள் பாதிக்கப்படவில்லை. ஆனாலும் முதல் நாள் மறுப்பு மறுநாள் உண்மையின் மீதும் சந்தேகத்தை ஏற்றிவிட்டது. என்ன நடந்தது என்று தெரியும் முன்பே “ஒன்றும் நடக்கவில்லை” என்று சொல்லும் பழக்கம், மெல்ல அம்பலமாகும் உண்மையைவிடப் பெரிய சேதம் செய்கிறது.

சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. மத்திய அரசின் கணினி அவசர எதிர்வினை அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, சம்பவம் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் அதற்குத் தகவல் தர வேண்டும். கணினிகளின் லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். இரவு ஷிஃப்டில் ஒரு கணினி மட்டும் இயங்கும் சிறு ஆலையில் அந்த ஆறு மணி நேரத்தை யார் எண்ணிக்கொண்டிருப்பார்? சைபர் மோசடிகளுக்கான 1930 உதவி எண்ணில் பதிவாகும் புகார், போன பணத்தைத் துரத்த உதவும். உள்ளே இன்னும் உட்கார்ந்திருப்பவனை வெளியேற்றுவது ஆலையின் வேலை.

தனி ஆலையால் தாங்க முடியாத செலவை எப்படிச் சுமப்பது என்று இந்த வட்டாரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்புடன் தீர்ப்பளித்தது. சுத்திகரிப்பு வசதி இல்லாத தோல் பதனிடும் ஆலைகளுக்கு இடமில்லை என்று ஆனது. தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட வழியில்லாத ஆலைகள் ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சேர்ந்தன. அதே முறையில் ராணிப்பேட்டை, நெமிலி, ஆம்பூர் ஆலைகளுக்குப் பொதுவாக, இருபத்துநான்கு மணி நேரமும் விழித்திருக்கும் ஒரு கண்டறிதல், எதிர்வினை அணி வேண்டும். இடத்தையும் தொடக்கச் செலவையும் மாநில அரசின் சிப்காட் நிறுவனம் தரட்டும். ஆலைகள் அளவுக்கேற்ற சந்தா கட்டட்டும். வேலூரின் விஐடியிலும் அரசு பொறியியல் கல்லூரியிலும் படித்துவிட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் ரயிலேறும் பிள்ளைகளுக்கு ஊருக்குப் பக்கத்திலேயே வேலை கிடைக்கும்.

பொது என்ற பெயர் மட்டும் போதாது என்பதற்கும் இங்கேயே சாட்சி உண்டு. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேர் இறந்தார்கள். எல்லோருக்கும் சொந்தமான இடத்தில் ஆபத்தைப் பார்ப்பது யாருடைய வேலை என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். ஆகவே இந்த அணிக்கு முழுப் பொறுப்பும் அதற்கேற்ற அதிகாரமும் உள்ள ஒரு தலைவர் வேண்டும். தாக்குதல் உறுதி என்று பட்டால், முதலாளியைத் தொலைபேசியில் தேடிக்கொண்டிராமல், ஆலையின் கணினி இணைப்பை அவர் அந்த நிமிடமே துண்டிக்க முடிய வேண்டும்.

“வெளியாள் என் ஆலையை நிறுத்துவதா?” என்ற கோபம் நியாயமானது. அதற்கு எல்லை வகுக்கலாம். தலைவரின் துண்டிப்பு அதிகாரம் ஆறு மணி நேரம் மட்டுமே; அதன்பிறகு முடிவு முதலாளியுடையது. இந்த ஏற்பாடு சந்தா சேரும் நாளிலேயே எழுத்தில் இருக்க வேண்டும். தவறான எச்சரிக்கையால் அரை ஷிஃப்ட் போனால் அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஐந்து வாரத்தைத் தாங்கும் ஆலை இந்த வட்டாரத்தில் எத்தனை இருக்கும்? ஆண்டுக்கு இருமுறை தீயணைப்பு ஒத்திகை போல இதற்கும் ஒத்திகை நடக்க வேண்டும். பாதிக்கப்பட்ட கணினியை அவசரத்தில் அழித்துச் சுத்தமாக்கித் தடயத்தை இழக்கும் வழக்கமும் நிற்க வேண்டும். மோசடி இணைப்பை அழுத்திவிட்ட கணக்காளர் பெண் அதைத் தயங்காமல் சொல்ல முடிய வேண்டும். சொன்னவரை வேலையை விட்டு அனுப்பும் ஆலையில் அடுத்தவர் வாயைத் திறக்கமாட்டார். திருடனுக்குக் கிடைக்கும் முதல் உதவி அந்த மௌனம்தான்.

பனப்பாக்கத்தில் இனி ஒதுக்கப்படும் மனைகளுக்கு ஒரு நிபந்தனை வேண்டும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வசதி இல்லாமல் ஒரு தோல் பதனிடும் ஆலைக்கு இன்று அனுமதி கிடைக்காது. அதுபோல, சைபர் காவல் அணியில் சேராத எந்த ஆலைக்கும் மனை இல்லை என்ற நிபந்தனையைச் சிப்காட் தன் ஒதுக்கீட்டு ஆணையில் சேர்க்க வேண்டும். தண்ணீர் மாசு விஷயத்தில் நீதிமன்றம் சொல்லும்வரை காத்திருந்ததற்குப் பாலாற்று விவசாயிகள் கொடுத்த விலையை அரசு மறந்துவிடக் கூடாது.