கட்டைவிரலுக்கு மட்டும் கைதட்டாதீங்க

பேஸ் கிடார் வாசிக்கிறவங்களுக்கு ரசிகர்கள் கம்மி. பேஸ் வாசிச்சுக்கிட்டே பாடறவங்களுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. கட்டைவிரலால கம்பியை அடிச்சு ஸ்லாப் வாசிச்சுக்கிட்டே பாடறவங்களுக்கோ ரசிகர்கள் இல்லை, வெறியர்களே உண்டு. இந்த மூணாவது கோஷ்டியைப் பத்தித்தான் இன்னிக்குக் கொஞ்சம் புலம்பல். (நானும் அந்தக் கோஷ்டிதான். அதனால உரிமையோட திட்டலாம்.)

எங்க அம்பர்நாத் லோக்கல்ல சாயங்காலம் உட்கார இடம் கிடைச்சவங்க தூங்குவாங்க. கிடைக்காதவங்க ஒரு கையால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையில போன் பார்ப்பாங்க. போன வாரம் பக்கத்துல நின்ன பையன் மோகினி டே வாசிக்கிற ஒரு துண்டு வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கிட்டிருந்தான். ஸ்பீக்கர்லதான், காதுல எதுவும் மாட்டாம. "அங்கிள், விரலைப் பாருங்க, மெஷின்!"னு காட்டினான். பார்த்தேன். மெஷின்தான். ஆனா அந்தச் சின்ன ஸ்பீக்கர்ல வந்தது பேஸே இல்லை. வெறும் 'டக் டக்'.

அது ஏன்னு சொல்லிடறேன். நாலு கம்பி பேஸ்ல அடிக்கம்பியோட சுருதி சுமார் 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கருக்கு அவ்வளவு கீழே இறங்கற தெம்பு கிடையாது. நூறைத் தாண்டி எங்கேயோ போய்த்தான் அது முழிச்சுக்கவே ஆரம்பிக்கும். விரலால மெதுவா மீட்டின பேஸ் அதுல பாதி காணாமப் போயிடும். ஸ்லாப்ல கம்பி ஃப்ரெட் மேல மோதற சத்தம் இருக்கு பாருங்க, அது மேல் ஸ்தாயி சத்தம். அது மட்டும் தப்பிச்சு வெளியே வரும். பாடற குரலும் வரும். ஆக, ஒரு பேஸ்காரர் பேஸ் அல்லாத ரெண்டு காரியம் செஞ்சாத்தான் நம்ம காதுக்கே எட்டுவார்ங்கிற நிலைமை.

ஸ்லாப்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. கட்டைவிரல் எலும்பால கம்பியை அடிக்கணும், அது மத்தளத்தோட தொப்பி மாதிரி. ஆள்காட்டி விரலால மெல்லிய கம்பியை மேலே இழுத்து விடணும், அது வலந்தலைச் சாப்பு மாதிரி. அதாவது கிடாருக்குள்ளேயே ஒரு தாளவாத்தியம்.

இதைப் பிரபலப்படுத்தினவர் அமெரிக்காவுல ஓக்லண்டுல வளர்ந்த லாரி கிரகாம். அவர் கதையை நம்ம ஆளுங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும். அம்மா டெல் கிரகாம் பியானோ வாசிச்சுப் பாடறவங்க. பையன் கூட கிடார். கிளப்புல இருந்த ஆர்கனோட பெடலைக் காலால மிதிச்சு பேஸையும் சமாளிச்சுக்கிட்டிருந்தார். ஒரு நாள் அந்த ஆர்கன் கெட்டுப்போச்சு. சரி, அது சரியாகிற வரைக்கும்னு வாடகைக்கு ஒரு பேஸ் கிடார் எடுத்தார். அப்புறம் அம்மா, டிரம்ஸ் ஆள் வேண்டாம், நாம ரெண்டு பேரே போதும்னுட்டாங்க. டிரம்ஸ் இல்லாத குறையை மறைக்கத்தான் கட்டைவிரலால அடிச்சும் விரலால இழுத்தும் வாசிக்க ஆரம்பிச்சார். வித்தை காட்டறதுக்காகப் பிறந்ததே இல்லை ஸ்லாப். ஆள் பற்றாக்குறையில பிறந்தது. ஒரு சம்பளத்துல ரெண்டு ஆள் வேலை. மும்பைக்கு வந்து குடித்தனம் நடத்தறவங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இதுல ரசிகர் பங்கும் உண்டு. அந்த அம்மா-பிள்ளை கச்சேரிக்குத் தவறாம வந்துக்கிட்டிருந்த ஒரு ரசிகை, அப்ப ரேடியோவுல அறிவிப்பாளரா இருந்த ஸ்லை ஸ்டோனுக்குப் போன் பண்ணி, இந்தப் பையனை வந்து கேளுங்கன்னு நச்சரிச்சாங்களாம். அவரும் போய்க் கேட்டார். லாரி, ஸ்லை அண்ட் ஃபேமிலி ஸ்டோன் குழுவுக்குப் போனார். அதுக்குப் பிறகு உலகத்துல பேஸ் வாசிக்கிற விதமே மாறிப்போச்சு. லாரி பாடகரும்தான். நல்ல கனமான குரல். 1980-ல அவர் தனியாப் பாடின ஒரு காதல் பாட்டு பெரிய ஹிட். அந்த அம்மா மாதிரி ரசிகர்தான் எனக்கு முக்கியம். அவங்க காலத்துல வீடியோவுல விரலைப் பார்க்க வழியில்லை. கச்சேரி முழுக்க உட்கார்ந்து கேட்டவங்க.

இங்கிலாந்துல லெவல் 42 குழுவோட மார்க் கிங் அடுத்த உதாரணம். வைட் தீவுக்காரர், முதல்ல டிரம்ஸ்காரர். பேஸை நெஞ்சு வரைக்கும் தூக்கிக் கட்டிக்கிட்டு, கட்டைவிரல்ல டேப் சுத்திக்கிட்டு வாசிப்பார். 1986-ல வந்த 'லெசன்ஸ் இன் லவ்' கேட்டிருப்பீங்க. இவரோட ரசிகர்கள் பேச்சு பெரும்பாலும் அந்த விரலைச் சுத்தியே வரும். எனக்கு ஆச்சரியம் வேற இடத்துல. கை பொடிப்பொடியா ஓடிக்கிட்டிருக்கும்போது வாய் நிதானமா, இழுத்து, காதல் பாட்டு பாடுதே, அது எப்படி?

சாதா கிடாரைத் தட்டிக்கிட்டே பாடறது ஓரளவு சுலபம். கையும் வாயும் ஒரே பக்கம் போகும். பேஸ் அப்படியில்லை. பாட்டு மூச்சு வாங்கற இடத்துல பேஸ் பேசும். பாட்டு பேசற இடத்துல அது ஒதுங்கி நிற்கும். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரோட வசனத்தையும் ஒரே ஆள் ஒரே நேரத்துல பேசற மாதிரி.

இது நமக்குப் புதுசா? தாராவியிலயும் இங்கே அம்பர்நாத்துலயும் இருக்கிற நம்ம திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்து ஜனங்களைக் கேட்கிறேன். ஊர்க் கொடையில வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவங்கதானே நாம? புலவர் நடுவுல உட்கார்ந்து வீசுகோலால வில்லோட நாணை அடிச்சுக்கிட்டே கதையைப் பாடுவார். அடிபடற கம்பி, பாடற வாய், ரெண்டும் ஒரே ஆள்! பக்கத்துல குடக்காரர் மட்டையால குடத்து வாயில அடிக்கிற அந்த 'கும்' இருக்கே, அதுதான் நம்ம ஊர் பேஸ். முத்துப்பட்டன் கதை நடுராத்திரியில உச்சத்துக்குப் போகும்போது வயித்துல ஒரு அதிர்வு வருமே, அது குடத்தால வந்தது. சுப்பு ஆறுமுகம் ஐயா (2022-ல காலமானார்) வில்லுப்பாட்டை டிவி வரைக்கும் கொண்டு வந்தார். அவர் கையில கோல் சுழல்றதை எத்தனை பேர் கவனிச்சோம்? கதையைக் கேட்டோம், ஜோக்குக்குச் சிரிச்சோம், அவ்வளவுதான்.

மாட்டுங்கா, செம்பூர் மாமிகள் என்னைக் கோவிச்சுக்கிறதுக்குள்ள அதையும் சொல்லிடறேன். தொடையில தாளம் போட்டுக்கிட்டே கீர்த்தனை பாடறதும் இதே ஜாதி வேலைதான். நாலு வயசுக் குழந்தையை உட்கார வச்சு முதல்ல சொல்லிக்கொடுக்கறதே கையையும் வாயையும் பிரிக்கிறதைத்தான். இவ்வளவு பயிற்சி உள்ள காதுகள், ஸ்லாப் பேஸைப் பார்த்ததும் "என்ன ஸ்பீடு!"னு மட்டும் சொல்லிட்டு நிறுத்தறதுதான் எனக்குத் தாங்கலை.

மோகினி டேவுக்கு வர்றேன். 1996-ல பிறந்தவர், மும்பையில வளர்ந்த வங்காளிப் பொண்ணு, அப்பாவும் பேஸ்காரர். 2013 எம்டிவி கோக் ஸ்டூடியோவுல ரகுமானோட 'ஆவோ பால்மா', பாடினவர் உஸ்தாத் குலாம் முஸ்தஃபா கான். அவ்வளவு பெரிய உஸ்தாத் முன்னாடி பள்ளிக்கூட வயசுப் பொண்ணு பயமில்லாம ஒரு சோலோ அடிச்சது. அதுக்குப் பிறகு ஜாகிர் உசேன், ஸ்டீவ் வாய்னு போயாச்சு. 2023-ல சொந்தப் பேர்லயே முதல் ஆல்பமும் வந்தாச்சு. நம்ம ஆளுங்க கவனிக்க வேண்டியது, இவர் கொன்னக்கோல் சொல்லிக்கிட்டே அதே சொற்கட்டை பேஸ்ல வாசிக்கிறது. லாரி கிரகாம் வாசிச்சப்ப வாயில காதல் பாட்டு, இவர் வாயில தகதிமி. மிருதங்க வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பற ஒவ்வொரு தமிழ் வீட்டுக்கும் அந்தப் பொண்ணு என்ன செய்யுதுன்னு முழுசாப் புரியும். உலகத்துல வேற யாருக்கும் இவ்வளவு புரியாது.

ஆனா என்ன நடந்தது? 2024 நவம்பர்ல சம்பந்தமே இல்லாத ஒரு வதந்தியில இவர் பேரை இழுத்தாங்க. பதினோரு வருஷமா இவர் விரலைப் பத்தி ஒரு வார்த்தை பேசாத எங்க குடும்ப வாட்ஸப் குழுக்கள் ஒரே ராத்திரியில பொங்கி வழிஞ்சுது. ரகுமான் எனக்குத் தகப்பன் ஸ்தானம்னு அந்தப் பொண்ணே வாயைத் திறந்து சொல்ல வேண்டியதாப் போச்சு. இவருக்கு ரசிகர்னு சொல்லிக்கிட்டவங்களும் அதுல உண்டு, அதான் கொடுமை.

தமிழ்லயே நேர் உதாரணம் வேணும்னா ஆலாப் ராஜு. 'கோ' (2011) படத்துல ஹாரிஸ் ஜெயராஜ் இசையில 'என்னமோ ஏதோ' பாடினவர். அந்தப் பாட்டுக்கு ஃபிலிம்ஃபேர் விருதும் வாங்கினவர். அவர் பேஸ் கிடாரிஸ்ட்னு எத்தனை பேருக்குத் தெரியும்? ஆபீஸ்ல ஏழு தமிழர்கள்கிட்ட கேட்டேன். பாட்டு ஏழு பேருக்கும் தெரியும். பேஸ் ஒருத்தருக்கும் தெரியாது. பாட ஆரம்பிச்சதும் கையில இருந்த வாத்தியம் கண்ணுக்குத் தெரியாமப் போயிடுது.

விதிவிலக்கு ராஜா ரசிகர்கள். இதை ஒத்துக்கத்தான் வேணும். இளையராஜா பாட்டுல பேஸ் எங்கே தனியா நடந்து போகுதுன்னு பக்கம் பக்கமா எழுதித் தள்ளினவங்க அவங்க. சசிதரன்ங்கிற பேரை எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவங்கதான். 'மூடுபனி' (1980) படத்துல யேசுதாஸ் பாடற அந்தக் கிடார் பாட்டை ஒரு தடவை நல்ல ஹெட்போன் மாட்டிக் கேளுங்க. குரலை விட்டுட்டு பேஸை மட்டும் பிடிச்சுக்கிட்டே போங்க. ஸ்லாப் கிடையாது, சர்க்கஸ் கிடையாது. ஆனா அதை எடுத்துட்டா பாட்டு தரையில நிற்காது.

இவ்வளவு வேகமா எழுத ஒரு காரணம் இருக்கு. எங்க கட்டடத்துல கீழ்வீட்டுப் பையன், பன்னிரண்டாம் வகுப்பு முடிச்சவன், தமிழ்ச் சபையில பாடகர் குழுவுல பேஸ் வாசிச்சுக்கிட்டே பாடறான். செகண்ட் ஹேண்ட் பேஸ். ஆம்ப் கிடையாது, சபையில இருக்கிறதுதான். அப்பா எம்ஐடிசியில ஒரு கெமிக்கல் கம்பெனியில ஷிப்ட் பார்க்கிறவர், நாசரேத் பக்கத்து ஆள். ஒரு டிவி பாட்டுப் போட்டிக்குக் குரல் தேர்வுக்குப் போனான். "கிடாரைக் கீழ வச்சுட்டுப் பாடு, கையை அசைச்சுப் பாடு"ன்னாங்களாம். பாடினான். தேறலை. "கை சும்மா இருந்தா எங்க மூச்சு எடுக்கறதுன்னே தெரியல மாமா"ன்னான் எங்கிட்ட. நான் கேட்ட இசை விமர்சனத்துலயே சுத்தமானது அதுதான்.

அப்பாவோட தீர்ப்பு வேற. பேஸைக் கொடுத்துட்டு வாய்ப்பாட்டு கிளாஸ்ல சேர்த்துடலாம்ங்கிறார். அவர் பக்கமும் நியாயம் இருக்கு. இன்னிக்கு கல்யாணக் கச்சேரியில கீபோர்டுக்காரர் இடது கையாலயே பேஸை முடிச்சுடறார், தனி ஆளுக்கு யார் காசு கொடுப்பா? நான் தாணே வரைக்கும் வாதாடினேன். அவன் குரல் நிற்கறதே அந்த நாலு கம்பி மேலதான் அண்ணாச்சி, ரெண்டையும் பிரிச்சா ரெண்டும் போயிடும்னேன். லாரி கிரகாம் கதையை முழுசாச் சொன்னேன், அம்மா, வாடகை பேஸ், போன் போட்ட ரசிகை எல்லாம்.

பொறுமையாக் கேட்டார். "அது சரி தம்பி. அந்த லாரிக்காரருக்கு ஒரு ராத்திரிக்கு என்ன கெடச்சிருக்கும்?"னார்.

தெரியலைன்னேன். சிரிச்சார். இப்போதைக்கு பேஸ் வீட்டுலதான் இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கார், பின் வரிசையில பெரிய ஸ்பீக்கர் பக்கத்துல உட்காரலாம்னு சொல்லியிருக்கேன்.