வலம் வந்தால் போதுமா?

திபெத்துக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு லிஸ்ட் வரும். டூர் நடத்துபவர் அனுப்புவார், யூடியூபில் ஒருவர் சொல்வார், ஏற்கெனவே போய்விட்டு வந்த பெரியப்பா வாட்ஸப்பில் தள்ளிவிடுவார். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே லிஸ்ட்தான். ஸ்தூபியையும் மணிக்கல் சுவரையும் வலமாகச் சுற்றுங்கள். பிரார்த்தனை உருளையையும் வலமாகவே உருட்டுங்கள். யார் தலையையும் தொடாதீர்கள், குழந்தையாக இருந்தாலும். உட்காரும்போது பாதம் புத்தர் பக்கம் நீளக் கூடாது. ‘கதா’ என்கிற வெள்ளைத் துண்டை இரண்டு கையாலும் வாங்குங்கள். கோயிலுக்குள் தொப்பியைக் கழற்றுங்கள். வெண்ணெய்த் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிடாதீர்கள். கோப்பை குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். எல்லாம் முடிந்து கடைசியில், தனியாக ஒரு வரி: அரசியல் பேசாதீர்கள்.

2020இல் நின்றுபோன கயிலாய மானசரோவர் யாத்திரை 2025இல் மறுபடி தொடங்கியதிலிருந்து இந்த லிஸ்டும் புது உற்சாகத்தோடு சுற்றுகிறது. அதிலிருப்பது பெரும்பாலும் சரியான தகவல். ஆனால் இத்தனையும் செய்து முடித்ததும் ‘திபெத்தியர்களுக்கு உரிய மரியாதையைக் கொடுத்தாச்சு’ என்று ஒரு நிம்மதி வருகிறதே, அந்த நிம்மதியோடுதான் எனக்குச் சண்டை.

முதலில், நம்மவர்களுக்கு இந்த லிஸ்டில் எந்தக் கஷ்டமும் கிடையாது. புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாம். கோயிலை வலம் வர யாரும் நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கயிலை மலையைக் காலால் மிதிக்க அஞ்சிக் காரைக்கால் அம்மையார் தலையாலேயே நடந்து ஏறினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. பாதத்தைப் பற்றி அதற்கு மேல் ஒரு மரியாதை எந்த நாட்டு லிஸ்டிலும் இருக்க முடியாது. ஒரு ஜெர்மானியருக்கோ அமெரிக்கருக்கோ இந்த விதிகள் கொஞ்சமாவது உடம்பை வளைக்கும். நமக்குக் கைச்செலவில்லாத மரியாதை. அதனாலேயே சந்தேகப்பட வேண்டும் என்கிறேன்.

நான் மென்பொருள் எழுதிச் சாப்பிடுகிறவன். விதி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க, அது உடைகிற இடத்தைத்தான் முதலில் தேடுவோம். கயிலாயத்தில் அந்த இடம் சீக்கிரமே வந்துவிடும். மலையைச் சுற்றும் ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் பாதையில் எல்லோரும் ஒரு திசையில் நடக்கும்போது எதிரே சிலர் வருவார்கள். போன் மதத்தவர்கள் (கைபேசி இல்லை, திபெத்தில் பௌத்தம் வேரூன்றுவதற்கு முந்தைய மரபுகளில் தன் வேரைக் காண்கிற ஒரு சமயம்). அவர்கள் இடமாகத்தான் சுற்றுவார்கள். அவர்களுடைய ஸ்வஸ்திகமும் இடப்பக்கம் திரும்பியது. எங்கள் குழுவில் ஒருவர், லிஸ்டை வரிவரியாக மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர், அவர்களைப் பார்த்துக் கையை ஆட்டி, “ராங் சைடு, ராங் சைடு” என்றார். அந்தப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே கடந்து போனார்கள். நூற்றாண்டுகளாகத் தங்கள் மலையைச் சுற்றிக்கொண்டிருக்கிறவர்களுக்கு, மூன்று நாள் வந்தவர் டிராஃபிக் போலீஸ் வேலை பார்க்கிறார். லிஸ்ட் செய்கிற வேலை இதுதான். விதி கையில் வந்துவிட்டால் மனிதரைப் பார்க்க வேண்டிய அவசியம் போய்விடுகிறது.

இன்னொன்றும் அடிக்கடி காதில் விழும்: “அவங்களும் நம்ம சிவனைத்தாங்க கும்பிடுறாங்க, பேருதான் வேற.” இதைச் சொல்கிறவர் அன்போடுதான் சொல்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது உண்மையில்லை. திபெத்தியருக்கு அது காங் ரின்போச்சே, விலைமதிப்பற்ற பனிமலை. அவர்களுடைய தாந்திரிக மரபில் அங்கே குடியிருப்பது டெம்சோக், வடமொழியில் சக்ரசம்வரர். அவருடைய உருவத்தை ஓவியத்தில் உற்றுப் பார்த்தால் தெரியும், அவர் காலடியில் மிதிபட்டுக் கிடப்பது பைரவரும் காளராத்திரியும். அதாவது நம்முடைய சிவனின் வடிவத்தை அவர்களுடைய தெய்வம் அடக்கி நிற்கிறது. இதைக் கேட்டு யாரும் கோபப்பட வேண்டியதில்லை. சமயங்கள் ஒன்றோடொன்று மோதியும் கொடுத்து வாங்கியும்தான் வளர்ந்திருக்கின்றன. மிலரேபாவுக்கும் போன் துறவி நரோ போன்சுங்குக்கும் இதே மலையை வைத்து நடந்த போட்டியைப் பற்றியும் அங்கே ஒரு கதை உண்டு. சூரியனின் முதல் கதிரைப் பிடித்து மிலரேபா உச்சிக்குப் போய்விட்டாராம். தோற்றவருக்கும் பக்கத்திலேயே ஒரு மலையைக் கொடுத்தார்கள் என்பது அந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

நான் சொல்ல வருவது, அவர்கள் வேறு. அவர்களுடைய தெய்வம் வேறு, அதன் கதை வேறு. ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்று சொல்வது பெருந்தன்மை மாதிரி இருக்கும். கேட்கிறவருக்கு அது ‘உனக்கென்று தனியாக ஒன்றுமில்லை’ என்றும் கேட்கும். அதையேதான் அவர்களுக்கு இன்னொரு அரசாங்கமும் எழுபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சாப்பாட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் குழுக்களோடு லாரியில் சமையல்காரரும் பருப்பும் சாம்பார்ப் பொடியும் வரும். நல்லது, வயிறு கெடாமல் நடக்க வேண்டும். ஆனால் சாப்பிட உட்காரும் இடத்தில் தினமும் ஒரு பிரசங்கம் நடக்கும்: “புத்தரைக் கும்பிட்டுட்டு மாட்டைத் திங்கிறாங்க பாருங்க.” நாலாயிரத்து ஐந்நூறு மீட்டரில் கத்தரிக்காயா விளையும்? பார்லியை வறுத்து அரைத்த சம்பா மாவும், வெண்ணெயும், யாக் இறைச்சியும்தான் அந்த மண் கொடுக்கிற உணவு. அதிலும் அவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு யாக்கைக் கொன்றால் ஒரு குடும்பம் பல மாதம் சாப்பிடலாம். மீனைத் தின்றால் ஒரு வேளைக்கே பல உயிர் போகும். அதனாலேயே மீனை ஒதுக்குகிற வழக்கம் அங்கே உண்டு. உயிரைப் பற்றி நம்மைவிடக் குறைவாக யோசித்தவர்கள் இல்லை அவர்கள்.

பிரார்த்தனைக் கொடிகளை மோட்டார் பைக் ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டு சில்க் போர்டு சிக்னலில் நிற்பவர்கள் மேல் எனக்குப் பெரிய கோபமில்லை. மணிக்கற்களை, அதாவது யாரோ ஒருவர் வேண்டிக்கொண்டு மந்திரம் செதுக்கி வைத்த கல்லை, ஷோகேஸில் வைக்கப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் மேல் இருக்கிறது. அதற்குத் திருட்டு என்று பெயர். வான் அடக்கத்தை, இறந்தவர் உடலைக் கழுகுகளுக்குக் கொடுக்கும் சடங்கை, ஜூம் லென்ஸ் போட்டுத் தேடுகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல? உங்கள் வீட்டுச் சாவில் சுடுகாட்டு வாசலில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் டிரைபாடோடு வந்து நின்றால் உங்கள் சித்தப்பா என்ன செய்வாரோ, அதை நினைத்துக்கொண்டால் போதும்.

இனி அந்தக் கடைசி வரி. அரசியல் பேசாதீர்கள்.

வெளிநாட்டவர் யாரும் திபெத் தன்னாட்சிப் பகுதிக்குள் தன் இஷ்டத்துக்கு நுழைய முடியாது. பர்மிட் வேண்டும், பதிவான ஏற்பாட்டாளர் வேண்டும், கூடவே கைடு வேண்டும். எங்களோடும் ஒருவர் வந்தார். தமிழில் ‘அவர்’ என்று ஒரு சொல் இருப்பது வசதி. ஆணா பெண்ணா, எந்த ஊர், எந்த வருடம் என்று எதையும் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு நீண்ட பஸ் பயணத்தில் எங்கள் குழுவில் ஒருவர் போனில் வீடியோவை ஓடவிட்டுக்கொண்டே அவரிடம் சத்தமாகக் கேட்டார்: “தலாய் லாமாவ உங்களுக்குப் பிடிக்குமா? சைனாக்காரன் உங்களக் கொடுமப்படுத்துறானா? சும்மா சொல்லுங்க, நாங்க இந்தியாக்காரங்கதான்.” அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு மைக்கை எடுத்து, அடுத்த தங்குமிடம் இன்னும் உயரத்தில் இருக்கிறது, எல்லோரும் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்றார். கேட்டவருக்கு ஏமாற்றம். “பயந்தாங்கொள்ளி” என்று தமிழில் சொன்னார். அவர் கோயில் கோயிலாகத் தொப்பியைக் கழற்றியவர். தலையைத் தொடாதவர். கதாவை இரண்டு கையாலும் வாங்கியவர்.

அந்த வீடியோ வெளியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கேட்டவருக்கு அதிகபட்சம் விசா ரத்து. காத்மாண்டு வழியாக வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஊரில் சொல்ல ஒரு வீரக்கதையும் கிடைத்திருக்கும். பதில் சொல்கிறவருக்கு என்ன ஆகும் என்பதற்கு டாஷி வாங்சுக் கதை இருக்கிறது. யூஷூவில் கடை வைத்திருந்தவர். பள்ளிக்கூடத்தில் திபெத்திய மொழியை ஒழுங்காகச் சொல்லிக்கொடுங்கள், இது சீன அரசியல் சட்டமே தருகிற உரிமை என்று வழக்குப்போடப் பெய்ஜிங்வரை போனவர். தனி நாடு கேட்கவில்லை. நியூயார்க் டைம்ஸ் 2015இல் அவரைப் பற்றி ஒரு வீடியோ வெளியிட்டது. முகத்தைக் காட்டி, பெயரைச் சொல்லி, தெரிந்தே பேசினார். 2016 ஜனவரியில் கைதானார். பிரிவினையைத் தூண்டியதாக ஐந்து வருடத் தண்டனை. வழக்கில் அந்த வீடியோவே சாட்சியமானது. 2021இல்தான் வெளியே வந்தார். ஆபத்து தெரிந்து, யோசித்துத் தானே முன்வந்து பேசியவருக்கு இது. பஸ்ஸில் மைக்கோடு மாட்டிக்கொண்ட ஒருவரிடம் நாம் எதைக் கேட்கிறோம்?

ஆகவே அங்கே வாயை மூடிக்கொள்ளச் சொல்வது சரி. ஆனால் லிஸ்ட் அதை ‘உங்கள் பாதுகாப்புக்காக’ என்று சொல்கிறது. ஆபத்து யாருக்கு என்பதைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். தலாய் லாமா படத்தைப் பரிசாக எடுத்துப் போகாதீர்கள் என்பதும் அப்படித்தான். படத்தை வாங்கிக்கொள்கிற பாட்டிக்குத்தான் வில்லங்கம்.

இதைவிடப் பெரிய பொய் ஒன்று அந்த லிஸ்டின் அமைப்பிலேயே இருக்கிறது. மேலே பத்து வரி சமயம், கீழே ஒரு வரி அரசியல், நடுவில் ஒரு கோடு. அந்தக் கோடு திபெத்தில் எங்கே இருக்கிறது, யாராவது காட்டுங்கள். தன் குருவின் படத்தை வீட்டில் மாட்டுவது சமயமா, அரசியலா? 1990களின் நடுவிலிருந்து அது குற்றமாக நடத்தப்படுகிறது. எந்தக் குழந்தை மறுபிறவி என்று கண்டுபிடிப்பது எதில் சேரும்? 2007இல் சீன அரசின் சமய விவகாரத் துறை ஓர் ஆணை போட்டது. அதன்படி மறுபிறவி எடுக்க, அல்லது எடுத்ததாக அங்கீகரிக்க, அரசாங்க அனுமதி வேண்டும். கடவுள் இல்லை என்கிற கட்சி, அடுத்த பிறவிக்கு விண்ணப்பப் படிவம் வைத்திருக்கிறது.

லாசா வழியாகப் போகிற குழுக்களை ஷிகாட்சேயில் டாஷிலுன்போ மடத்துக்குக் கூட்டிப்போவார்கள். 26 மீட்டர் உயரத்தில் மைத்ரேயர் உட்கார்ந்திருப்பார், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். லிஸ்ட்படி அங்கே தொப்பியைக் கழற்றி, வலமாகச் சுற்றி, புகைப்படக் கட்டணம் கட்டிவிட்டு வரலாம். அது பஞ்சென் லாமாக்களின் மடம். 1995 மே 14 அன்று கெதுன் சோக்கி நீமா என்கிற ஆறு வயதுப் பையனைப் பதினோராவது பஞ்சென் லாமாவாகத் தலாய் லாமா அறிவித்தார். சில நாட்களில் அந்தப் பையனையும் குடும்பத்தையும் சீன அதிகாரிகள் கொண்டுபோனார்கள். இன்றுவரை வெளி உலகம் அவரைப் பார்க்கவில்லை. அதே வருடம் நவம்பரில் அரசு வேறொரு பையனை அந்த இடத்தில் உட்காரவைத்தது. இது தெரியாமல் அங்கே தொப்பியைக் கழற்றுவதற்கும் தெரிந்துகொண்டு கழற்றுவதற்கும் வெளியே வித்தியாசம் தெரியாதுதான். நம்மோடு நிற்கிற கைடுக்குத் தெரிந்துவிடும் என்பது என் அனுபவம். கேள்வி கேட்காமல், ஒரு நிமிடம் அதிகமாக நின்றால் போதும்.

“அப்ப போகவே வேணாங்கிறீங்களா?” என்று கேட்பவர்கள் உண்டு. போங்கள். யாரும் வந்து பார்க்காத இடமாகத் திபெத் ஆவது யாருக்கு வசதியோ, அவர்களுக்கு நாம் உதவ வேண்டாம். நான் சொல்வது இடம் மாற்றிச் செய்யாதீர்கள் என்பதைத்தான். நம்மவர்கள் அங்கே போய்ச் சத்தமாகக் கேள்வி கேட்கிறார்கள், ஊருக்குத் திரும்பியதும் ஊமையாகிவிடுகிறார்கள். திரும்பி வந்து எழுதுகிற பயணக் கட்டுரைகளைப் பாருங்கள். ஆக்சிஜன் அளவு இருக்கும், டோல்மா கணவாயின் குளிர் இருக்கும், குதிரைக்காரர் கேட்ட கூலி இருக்கும், மலையில் தெரிந்த சிவமுகம் இருக்கும். பதினைந்து நாள் அந்த ஜனங்களுக்கு நடுவில் இருந்திருக்கிறார்கள், ஒரு திபெத்தியர் அந்தக் கட்டுரையில் இருக்க மாட்டார். இருந்தால் சுமை தூக்கிக்கொண்டிருப்பார்.

கேள்விகளைக் கேட்க இடமா இல்லை? பெங்களூரிலிருந்து இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் பைலகுப்பே இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் அன்றைய மைசூர் மாநிலம் கொடுத்த காட்டைத் திருத்தித் திபெத்திய அகதிகள் மக்காச்சோளம் போட்ட இடம். லாசாவுக்குப் பக்கத்தில் இருந்த சேரா மடத்தைத் துறவிகள் அங்கே மறுபடி கட்டியிருக்கிறார்கள். வெளிநாட்டவர் அங்கே தங்கத் தனி அனுமதி வாங்க வேண்டும். நமக்கு அதுவும் வேண்டாம். மலையைக் கடந்து வந்தவர்களில் மிஞ்சியிருக்கும் முதியவர்கள் சாயங்காலத்தில் மணிச்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு நடப்பார்கள். நம்மிடம் கன்னடத்திலும் பேசுவார்கள். என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். பதில் சொன்னதற்காக யாரும் அவர்களைத் தேடி வரப்போவதில்லை. சனி ஞாயிறில் அங்கே போகிற எங்கள் ஐ.டி. கூட்டம் தங்கக் கோயில் வாசலில் ஒரு செல்ஃபி எடுத்து, எதிர்க்கடையில் மோமோ சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் கூர்க்குக்குக் கிளம்பிவிடுகிறது.