அணையின் அடிக்கணக்கும் பேரூராட்சியின் மின்கட்டண ரசீதும்

பழனிக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது பாலசமுத்திரம் பேரூராட்சி. அருகிலேயே பாலாறு-பொருந்தலாறு அணை. உயரம் 65 அடி. ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கத்து டீக்கடையில் யார் வந்து உட்கார்ந்தாலும் முதல் பேச்சு "அணையில எத்தன அடி?" என்பதுதான். நெல் நடலாமா, தென்னைக்குத் தண்ணீர் எத்தனை நாள் வரும், கோடையில் பழனிக்காரர்கள் குடிநீருக்கு என்ன செய்வார்கள் என்பதெல்லாம் அந்த ஒற்றை எண்ணில் அடக்கம்.

அந்த எண்ணை நீர்வளத் துறை தன் பதிவேட்டில் எழுதுகிறது. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார்கள் எத்தனை யூனிட் இழுத்தன என்பது மின்வாரிய ரசீதில் இருக்கிறது. மழையளவு மாவட்ட நிர்வாகத்தின் அறிக்கையில். மக்கும் குப்பை, மக்காத குப்பையின் எடை பேரூராட்சியின் கணக்கில். ஒரே ஊரின் காலநிலைக் கதை நான்கு அலுவலகங்களில் சிதறிக் கிடக்கிறது. அவற்றை ஒரு தாளில் சேர்த்து ஊர்மக்கள் முன் வைக்கும் கடமை எவருக்கும் தரப்படவில்லை.

தனியார் நிறுவனங்களிடம் இந்தக் கணக்கை நாடு கேட்கத் தொடங்கிவிட்டது. பங்குச் சந்தையில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் தம் மின்சாரம், தண்ணீர், கழிவு, கரியமில வாயு உமிழ்வு ஆகியவற்றை ஆண்டறிக்கையில் சொல்லியாக வேண்டும் என்று சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2021-இல் அறிவித்தது. 2022-23 நிதியாண்டிலிருந்து அது கட்டாயம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிக்கும் என்எல்சி பொதுத்துறை நிறுவனம்தான். ஆனாலும் அதன் பங்குகள் சந்தையில் இருப்பதால் அறிக்கை தருகிறது. மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் நிலக்கரி எரிக்கும் மாநில அரசின் அனல்மின் நிலையங்களை அந்த விதி தொடுவதில்லை. அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் அப்படியே. புகை ஒன்றுதான். பங்கு விற்றவர் பதில் சொல்ல வேண்டும், வரிப்பணத்தில் நடப்பவர் சொல்ல வேண்டியதில்லை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இந்தக் குறை உலகம் முழுக்க உண்டு. அரசு அமைப்புகளுக்குக் கணக்கு நெறி வகுக்கும் சர்வதேசப் பொதுத்துறைக் கணக்கியல் தர வாரியம், 2024 அக்டோபரில்தான் காலநிலை அறிக்கைக்கான வரைவை வெளியிட்டது. ஓர் அரசு அமைப்பின் சொந்தச் செயல்பாடுகளோடு, அது நடத்தும் காலநிலைத் திட்டங்களின் பலனையும் அந்த வரைவு கேட்டது. இரண்டாவது கேள்விதான் நமக்கு முக்கியம். தமிழ்நாடு 2022-இல் காலநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் தலைமையில், வன அலுவலரைக் காலநிலை அலுவலராகக் கொண்டு மாவட்ட அமைப்புகளும் வந்தன. நல்ல ஏற்பாடு. ஆனால் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து பேரூராட்சி வரை அது இறங்கிவர வேண்டும்.

இதற்குப் பெரிய நிபுணர்கள் தேவையில்லை. ரசீதைக் கையில் எடுங்கள். நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. மோட்டாரும் தெருவிளக்கும் சேர்ந்து 10,000 யூனிட் எடுத்தால் 7 டன். ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் இது. அடுத்த ஆண்டு யூனிட் கூடினால் ஏன் என்று பார்க்கலாம்: நிலத்தடி நீர் கீழே போய் மோட்டார் கூடுதல் நேரம் ஓடுகிறதா, குழாயில் கசிவா, பழைய மோட்டாரா? கரிக்கணக்கு என்று தொடங்கியது தண்ணீர்க் கணக்கில் வந்து நிற்கும்.

அங்கேதான் தொடங்கவும் வேண்டும் என்பேன். பாலசமுத்திரம் போன்ற ஊர் வெளியிடும் புகை சொற்பம். அதன் மேல் விழும் ஆபத்துதான் பெரிது. பருவமழை பொய்த்தால் அணை வறளும். ஒரே நாளில் கொட்டினால் சண்முகாநதி கரைபுரளும். 2018 நவம்பரில் கஜா புயல் கடலோரத்தோடு நிற்காமல் கொடைக்கானல் மலைவரை வந்து மரங்களைச் சாய்த்துப் போட்டதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. கம்பெனிகளுக்கு எழுதிய படிவத்தை அப்படியே ஊருக்கு அனுப்பினால் அது உமிழ்வை முதலில் கேட்கும், தண்ணீரை எங்கோ பின்பக்கத்தில் கேட்கும். நமக்கான படிவத்தின் முதல் வரி அணை மட்டமாக, கிணற்று மட்டமாக இருக்கட்டும்.

செயல் அலுவலர்களுக்கு ஏற்கெனவே படிவங்கள் மலைபோல் குவிகின்றன என்பார்கள். உண்மைதான். அவர்கள் எழுதுவதெல்லாம் மேலே போகிறது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள்கூட ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 30-க்குள் உள்ளாட்சிகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஆண்டறிக்கை தர வேண்டும் என்றுதான் சொல்லின. குப்பையைப் பிரித்துக் கொடுக்கும் வீட்டுக்காரர் அதைப் பார்க்க வழியில்லை. எனவே நான் கேட்பது இன்னொரு படிவம் அல்ல. மேலே போகும் எண்கள் கீழேயும் வரட்டும். வார்டு குழு, பகுதி சபைகளுக்கான விதிகள் 2022-இல் வந்துவிட்டன. நவம்பர் 1, உள்ளாட்சி தினம். அணையில் தண்ணீர் ஏறத் தொடங்கும் நேரமும் அதுதான். அன்றைய பகுதி சபைக் கூட்டத்தில் அடி, யூனிட், மழை, குப்பை என நான்கு எண்களை, போன ஆண்டின் எண்களோடு தமிழில் வாசித்து, அந்தத் தாளை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டலாம். அரிசி வாங்க நிற்பவர்கள் படித்துவிட்டுக் கேள்வி கேட்பார்கள்.