கோடைப் பயணமும் தென்னங்கன்றுகளும்

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியர். பேராவூரணி பக்கம் ஒரு ஏக்கர் தென்னை. கஜாவில் விழுந்த மரங்களின் இடத்தில் கடந்த மார்கழியில் 30 கன்றுகள் வைத்தேன். ஜூனில் பள்ளி திறக்குமுன் மனைவி, பிள்ளைகளுடன் 12 நாள் வால்பாறை, பாலக்காடு போய்வர நினைக்கிறோம். கன்று காய்ந்துவிடும், போகாதே என்கிறார் அப்பா. பாலக்காட்டில் மனைவியின் தங்கை வீட்டில் பத்துக் கன்று தருகிறார்கள். காரில் எடுத்து வரலாமா?

— ஓர் ஆசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: போய்வாருங்கள். கன்று மட்டும் வேண்டாம்.

அப்பா பயப்படுவதில் நியாயம் உண்டு. 2018 நவம்பரில் ஒரே இரவில் தோப்பு சாய்ந்ததைப் பார்த்தவர். மார்கழியில் வைத்த கன்றுக்கு இதுதான் முதல் கோடை. அதற்கு நான்கு நாளைக்கு ஒரு முறை 45 லிட்டர் தண்ணீர் வேண்டும். கிளம்பும் அன்று காலை நன்றாகப் பாய்ச்சிவிட்டால், நீங்கள் திரும்புவதற்குள் இரண்டே தண்ணீர். 30 கன்றுக்கு ஒரு தடவை 1,350 லிட்டர். மோட்டார் போட்டு ஹோஸ் பிடித்தால் ஒரு ஆள் அரை நாளில் முடித்துவிடுவார். பக்கத்துத் தோப்புக்காரரிடம் 'பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள்; எந்தெந்த நாள் என்று சொல்லி, கூலியையும் முன்னாலேயே கொடுங்கள். சும்மா கேட்ட உதவி இரண்டாவது தண்ணீரில் நின்றுவிடும். மணல் பாங்கான இடமென்றால் பாதியளவு, இரண்டு நாளைக்கு ஒரு முறை.

கிளம்புமுன் வட்டப்பாத்தியில் தேங்காய் மட்டையைக் குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி பரப்புங்கள். கன்றின் தூரை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், கரையான் ஏறும். தென்மேற்கு வெயில் படும் பக்கம் கீற்று நட்டு நிழல் கொடுங்கள்.

இனி பாலக்காட்டுக் கன்று. கேரளத்தில் பல மாவட்டங்களிலும், இந்தப் பக்கம் பொள்ளாச்சி வட்டாரத்திலும் வேர் வாடல் நோய் இருக்கிறது. வந்த மரத்தைக் குணமாக்க மருந்து கிடையாது. தொற்றிய கன்று பல மாதம் நல்ல கன்று மாதிரியே நிற்கும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சுருள் வெள்ளை ஈயும் கன்றின் இலையடியில் ஒட்டிக்கொண்டு ஊர் மாறும். 2016இல் அது நம் நாட்டில் முதலில் தென்பட்டதே பொள்ளாச்சியில்தான். உறவுக்காரர் அன்பாகத் தருவதை மறுப்பது சங்கடம்தான். தேங்காயாக வாங்கிக் குழம்பு வையுங்கள், யாருக்கும் மனவருத்தம் இருக்காது.

கன்று தேவையென்றால் உங்களுக்குப் பக்கத்திலேயே வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இப்போதே கேட்டு வையுங்கள், ஆடியில் நடலாம்.

வால்பாறை ஏறும் வழியில் ஆழியாறு நகரிலும் வேளாண் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையம் உண்டு. நேரம் விசாரித்துக்கொண்டு பிள்ளைகளை அழைத்துப் போங்கள். குட்டை, நெட்டை, ஒட்டு மூன்றையும் நேரில் பார்க்கலாம். காரில் இடமிருந்தால் அப்பாவையும் ஏற்றிக்கொள்ளுங்கள்.